நாய்க்குட்டி உடம்பால் என்ன சொல்கிறது? முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு

வாலை ஆட்டினால் சந்தோஷம், உறுமினால் கோபம். இந்த இரண்டு விதிகளை மட்டும் தெரிந்துகொண்டுதான் நிறையப் பேர் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், இரண்டுமே பாதிதான் சரி. "நல்லாத்தான் வாலாட்டிட்டு இருந்துச்சு, திடீர்னு கடிச்சிருச்சு" என்று யாராவது சொன்னால், அந்தக் குட்டி அதற்கு முன்னால் பல தடவை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கும்.

எங்கள் வீட்டில் வளர்வது செவலை, தெருவில் பிறந்த நாட்டுக் குட்டி. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12, 14 வாரம் வரைக்கும்தான் ஒரு குட்டிக்குப் புது மனிதர்களும் சத்தங்களும் மற்ற நாய்களும் சுலபமாகப் பழக்கமாகும். அந்த நாட்களில் அது ரசிக்கிறதா, பயத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறதா என்று நமக்குப் புரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். தடுப்பூசி, சாப்பாடு, மூத்திரப் பழக்கம் எதுவும் இந்தப் பதிவில் இல்லை.

படி 1: சும்மா இருக்கும்போது பாருங்கள்

வயிறு நிறைந்து, விளையாடி முடித்து, யாரும் தொந்தரவு செய்யாத நேரத்தில் குட்டியின் வால், காது, வாய் எப்படி இருக்கின்றன என்று இரண்டு மூன்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் அதன் இயல்பு நிலை, மற்ற எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும். பொமரேனியனுக்கு வால் எப்போதும் முதுகின் மேல்தான் சுருண்டிருக்கும், அதைப் பார்த்து விறைப்பு என்று சொல்ல முடியாது. சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாய்களுக்கு மெல்லிய வால் இயல்பாகவே தாழ்ந்து தொங்கும், அது பயமில்லை. காதை மட்டும் குட்டிப் பருவத்தில் அதிகம் நம்பாதீர்கள். பல் விழுந்து முளைக்கும் 4 முதல் 6 மாதத்தில் ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கும், மறுநாள் மாறியிருக்கும்.

படி 2: தளர்வா, விறைப்பா?

தனித்தனி உறுப்பைப் பார்ப்பதற்கு முன்னால் முழு உடம்பையும் ஒரே பார்வையில் பாருங்கள். சந்தோஷமான குட்டி குழைந்து வரும், இடுப்பிலிருந்து பின்பக்கம் முழுக்க ஆடும், வாய் லேசாகத் திறந்திருக்கும். வாய் சட்டென்று மூடிக்கொண்டு, உடம்பு நேர்கோடாகி, எடை முன்னங்காலுக்கு வந்துவிட்டால் அது எதையோ குறிவைத்திருக்கிறது. எடை பின்னால் போய் முதுகு வளைந்தால் பயம்.

முன்னங்கால் முழங்கையைத் தரையில் பதித்து, பின்பக்கத்தைத் தூக்கிக் குனிவது 'விளையாட வர்றியா' என்பது. மார்க் பெகாஃப் என்ற ஆய்வாளர் 1995இல், கடித்துத் தலையை உதறும் முரட்டு அசைவுக்குச் சற்று முன்போ பின்போ இந்தக் குனிவு அதிகம் வருவதைக் காட்டினார். 'இப்ப கடிச்சது விளையாட்டுக்குத்தான்' என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிவிக்கிறது.

படி 3: வால்

உயரத்தையும் அகலத்தையும் பாருங்கள். நடு உயரத்தில் அகலமாக வீசினால் நட்பு. மேலே விறைத்து நின்று நுனி மட்டும் படபடவென்று ஆடினால் பரபரப்பு, கை நீட்டாதீர்கள். காலிடுக்கில் செருகிக்கொண்டு வேகமாக ஆட்டினால் அது கெஞ்சல். இத்தாலியின் பாரி பல்கலைக்கழகத்தில் 2007இல் செய்த ஆய்வில், எஜமானரைக் கண்டால் வால் நாயின் வலப்பக்கமாகவும், மிரட்டலான அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கமாகவும் கூடுதலாகச் சாய்ந்து ஆடுவது தெரிந்தது. ஆனால் வீடியோவை நிறுத்தி நிறுத்தி அளந்தது அது, வீட்டில் கண்ணால் பார்த்து முடிவெடுக்க உதவாது.

படி 4: சின்னச் சின்ன சைகைகள் (இங்கேதான் நேரம் எடுக்கும்)

தூக்கமே இல்லாதபோது கொட்டாவி. சாப்பாடு இல்லாதபோது நாக்கு சட்டென்று வெளியே வந்து மூக்கை ஒரு தடவை நக்கிவிட்டுப் போவது. முகத்தைத் திருப்பிக்கொள்வது. ஒன்றுமில்லாத தரையை மோப்பம் பிடிப்பது. நனையாமலே உடம்பை உதறுவது. நார்வேயைச் சேர்ந்த பயிற்சியாளர் தூரிட் ரூகாஸ் இவற்றைத் தொகுத்துப் பிரபலமாக்கினார். தூங்கி எழுந்து விடும் கொட்டாவி வெறும் கொட்டாவிதான். எப்போது, யார் பக்கத்தில் இருக்கும்போது வருகிறது என்பதை வைத்துத்தான் அர்த்தம்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் நேரில் பிடிக்க முடியாமல் நான் ரொம்ப நாள் திணறினேன், ஏனென்றால் எல்லாமே ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். வழி போனிலேயே இருந்தது: ஸ்லோ மோஷன். போனைத் தரையில் குட்டியின் உயரத்துக்குச் சாய்த்து வைத்து எடுங்கள், நின்றபடி மேலிருந்து எடுத்தால் முதுகுதான் தெரியும்.

அக்கா பையன், நாலு வயது, செவலையின் கழுத்தைக் கட்டிப்பிடித்ததை அப்படி எடுத்தேன். நேரில் பார்த்தவர்களுக்கு அழகான காட்சி. மெதுவாக ஓட்டினால், கை கழுத்தில் விழுந்ததுமே வாய் மூடுகிறது. காது பின்னால் ஒட்டுகிறது. முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, கண்ணை மட்டும் பையன் பக்கம் வைத்திருக்கிறது, அதனால் கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரிகிறது. நாக்கு மூக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறது. அப்புறம் ஒரு கணம் எதுவுமே அசையவில்லை, வாலும் நின்றுவிட்டது. பையன் கையை எடுத்ததும் தலை முதல் வால் வரை ஒரு உதறல்.

அந்த அசையாத கணம்தான் முக்கியம். குட்டி உறைந்து நின்றால் அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அடுத்தது உறுமலாகவோ பல்லாகவோ இருக்கலாம். உடனே கையை எடுங்கள், பிள்ளையைச் சத்தம் போடாமல் விலக்குங்கள், குட்டிக்குப் போக வழி விடுங்கள். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்.

படி 5: அனுமதி கேளுங்கள்

மார்பிலோ தோளிலோ கொஞ்சம் தடவிவிட்டு, மூன்று நொடி கையை எடுத்துக்கொள்ளுங்கள். சாய்ந்து வந்தாலோ மூக்கால் கையைத் தட்டினாலோ தொடரலாம். அப்படியே இருந்தால், விலகினால், போதும் என்று அர்த்தம். வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

மல்லாந்து படுப்பதெல்லாம் வயிற்றைத் தடவச் சொல்வதில்லை. உடம்பு நெளிந்து, வாய் திறந்து, கால்கள் தொளதொளவென்று கிடந்தால் தடவலாம். வாய் மூடி, வால் வயிற்றோடு ஒட்டி, விறைத்துக் கிடந்தால் 'என்னை விட்டுடு' என்கிறது. சில குட்டிகள் அப்போது சொட்டு மூத்திரமும் விடும், அதற்குத் திட்டினால் இன்னும் அதிகமாகும்.

திட்டு என்றதும் ஒன்று. செருப்பைக் கடித்த குட்டி தலையைத் தாழ்த்திக் குறுகி நிற்பதைப் பார்த்து, செய்த தப்பு அதற்குத் தெரிகிறது என்கிறோம். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற நாய் ஆய்வாளர் 2009இல் சோதித்தபோது, தப்பே செய்யாத நாய்களும் திட்டு வாங்கினால் அதே முகத்தைத்தான் காட்டின. அது நம் குரலுக்குப் பயந்த முகம்.

கருவிகள்

சோக் செயின் (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி) வாங்காதீர்கள். கழுத்து இறுகினால் வலிக்கும், குட்டி தலையைத் திருப்பவோ தரையை முகரவோ முடியாது, அதாவது வேண்டாம் என்று சொல்லும் வழியே அடைபட்டுவிடும். தோளை அழுத்தாத ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை), தொய்வாகப் பிடித்த சாதாரணக் கயிறு, இவை போதும்.

பிறகு சேர்த்தது

வெயில் காலத்தில் மூச்சிரைப்பது பயமா என்று பலர் கேட்டிருந்தார்கள். சூட்டில் இரைக்கும்போது நாக்கு அகன்று தொங்கும், நிழலும் தண்ணீரும் கிடைத்தால் குறையும். ஃபேனுக்கு அடியில் படுத்தும், உதட்டோரம் பின்னால் இழுபட்டு இரைத்தால் பதற்றமோ வலியோ இருக்கலாம். அதற்கு நான் பதில் சொல்வதைவிடக் கால்நடை மருத்துவர் பார்ப்பதே சரி.

சாயங்காலம் பைத்தியம் பிடித்த மாதிரி வீட்டைச் சுற்றி ஓடி, கணுக்காலைக் கடிக்கிறது என்பவர்களுக்கு: பெரும்பாலும் தூக்கக் குறைவு. குட்டிக்கு ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூக்கம் தேவைப்படும். விளையாட்டை நிறுத்தி, அமைதியான மூலையில் படுக்க விடுங்கள்.

சாப்பாட்டுத் தட்டருகே போனால் உறுமுகிறது, அடிக்கலாமா? வேண்டாம். உறுமலை அடித்து நிறுத்தினால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும், அடுத்த தடவை நேராகப் பல்தான். எட்ட நின்று தட்டுக்குள் ஒரு கோழித்துண்டை எறிந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நீங்கள் வந்தால் சாப்பாடு கூடுகிறது என்று அது புரிந்துகொண்ட பிறகு, உடம்பு தளர்ந்திருக்கும் நாட்களில் மட்டும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கயிறு இழுக்கும் விளையாட்டில் வரும் உறுமல் வேறு, பின்பக்கம் ஆடிக்கொண்டிருந்தால் கவலை வேண்டாம்.

பல் பட்டுத் தோல் கிழிந்துவிட்டால், குட்டிதானே என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடி ஊசி இலவசம்தான்.