கழசலைக் கடலில் கொட்டத் தடை போடுவதற்கு முன்

மும்பை பாவுச்சா தக்கா மீன் இறங்கு துறையில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது கொஞ்சம் ஒதுங்கி நின்று பாருங்கள். பாப்லெட் என்ற வவ்வால் மீனும் இறாலும் கணவாயும் கூடை கூடையாக விலை போய்க்கொண்டிருக்கும். ஓரத்தில் ஒரு குவியல் கிடக்கும். விரல் நீளக் கத்தாழை, சாவாளைக் குஞ்சு, சங்கராக் குஞ்சு, நசுங்கிய நண்டு, பெயர் தெரியாத பொடி மீன்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அதை யாரும் வகை பிரிப்பதில்லை. மொத்தமாக எடை போட்டு லாரியில் ஏற்றுவார்கள், அது மீன்தூள் ஆலைக்குப் போய்விடும். நம் ஊர்க் கடற்கரையில் இதற்குக் கழசல் என்று பெயர், இங்கே குட்டா என்பார்கள்.

சயான் கோலிவாடாவில் குடியிருந்துகொண்டு, இந்தத் துறையில் ஒரு ஏஜென்டிடம் பல வருடம் கணக்கு எழுதியவன் நான். கடல்மேல் அக்கறை உள்ள நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "ஐரோப்பாவில் வேண்டாத மீனைக் கடலில் கொட்டக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்களே அண்ணா, இங்கே ஏன் போடவில்லை?" நல்ல கேள்வி. ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் மதிப்பீட்டில், 2010 முதல் 2014 வரையான காலத்தில் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் டன் மீன் இப்படிக் கொட்டப்பட்டிருக்கிறது. பிடித்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தால் பல இடங்களில் சறுக்கும்.

முதல் தவறு, கொட்டுவதுதான் நோய் என்று நினைப்பது. குஞ்சு மீன் மடிக்குள், அதாவது பை போன்ற வலைக்குள், வந்துவிட்டாலே பாதி கதை முடிந்துவிடுகிறது. இழுவைமடியில் மணிக்கணக்கில் நசுங்கி, ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்த மீனில் பெரும்பாலானவை பிழைக்காது. அதைக் கடலில் போட்டாலும் கரையில் போட்டாலும் குஞ்சு செத்ததுதான். நம் மேற்குக் கரையில் கொட்டுவது குறைந்திருக்கிறது என்றால் அதற்குச் சட்டம் காரணமில்லை, மீன்தூள் ஆலைகள்தான் காரணம். முன்பு கடலில் விழுந்த குஞ்சுக்கு இப்போது கிலோக் கணக்கில் காசு கிடைக்கிறது. "கொட்டுவது குறைந்துவிட்டது" என்று ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். கடலில் குஞ்சு மிஞ்சியதா என்று கேட்டால் பதில் வேறு.

இதிலிருந்துதான் இரண்டாவது தவறு முளைக்கிறது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். மகாராஷ்டிர அரசு 2023இல் 54 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச நீள அளவு அறிவித்தது. அதற்கு முன்பே கேரளம் அந்த வழியில் போய்விட்டது. அளவுக்குக் கீழே உள்ள மீனைப் பிடிக்காதே, விற்காதே என்பது அதன் சாரம். நல்ல ஏற்பாடு. இதன்மேல், "எதையும் கொட்டாதே, எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுவா" என்று இன்னொரு சட்டம் வந்தால் என்ன ஆகும்? படகை ஓட்டும் தாண்டேலின் நிலையில் இருந்து பாருங்கள். மடியில் குஞ்சு வந்துவிட்டது. கரைக்குக் கொண்டுவந்தால் அளவுச் சட்டம் பிடிக்கும், கடலில் போட்டால் கொட்டல் தடை பிடிக்கும். இரண்டு பக்கமும் அபராதம் என்றால் எந்த மனிதனும் யாரும் பார்க்காத வழியைத்தான் தேடுவான். கடலில் யாரும் பார்ப்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த முடிச்சை ஒரு விதமாக அவிழ்த்தது. 2013இல் சட்டம் இயற்றி, 2015 முதல் 2019 வரை கட்டம் கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அளவு குறைந்த மீனைக் கரைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும், ஆனால் அதை மனிதர் நேரடியாக உண்பதற்கு விற்கக்கூடாது என்றார்கள். மீன்தூள், மீன் எண்ணெய், வளர்ப்புப் பிராணிகளின் தீவனம் போன்றவற்றுக்குத்தான் அது போகலாம். அங்கே அதற்கு விலை குறைவு, ஆகவே குஞ்சைத் தேடிப் பிடிக்க ஆசை வராது என்பது கணக்கு. அதையே இங்கே எழுதிப் பாருங்கள். நம் துறைகளில் குஞ்சு போய்ச் சேரும் இடமே மீன்தூள் ஆலைதான்! அங்கே கடிவாளமாக இருக்கும் வாசகம் இங்கே அனுமதிச் சீட்டாக மாறிவிடும்.

நார்வே இதில் இன்னும் யோசித்துச் செய்திருக்கிறது. 1987லேயே காட், ஹேடாக் என்ற இரண்டு மீன்களில் தடையைத் தொடங்கினார்கள். சட்டத்துக்குப் புறம்பான மீன் கரைக்கு வந்தால் அதன் விற்பனைப் பணம் மீனவருக்குப் போகாது. ஏற்றி இறக்கிய கூலிக்கு ஈடாக மதிப்பில் 20 சதவீதம் அளவுக்குத் தருகிறார்கள். கொண்டுவருவதற்கு நஷ்டம் இல்லை, குறிவைத்துப் பிடிப்பதற்கு லாபமும் இல்லை. கூடவே, ஒரு பகுதியில் குஞ்சு அதிகம் ஏறுகிறது என்று தெரிந்தால் அந்த இடத்தையே சில காலம் மூடிவிடுகிறார்கள். மும்பையில் இப்படி ஒரு தடை பற்றிப் பேசுபவர்கள் விலையைப் பற்றி முதலில் பேச வேண்டும். கழசல் பணம் யார் கைக்குப் போகிறது, அதில் படகு ஆட்களின் பங்கு எவ்வளவு என்று கேட்காமல் எழுதும் விதி காகிதத்தோடு நின்றுவிடும். சில படகுகளில் அந்தப் பணம் ஆட்களின் கைச்செலவுக்கு என்று ஒதுக்கப்படுவதைக் கணக்கு எழுதிய காலத்தில் பார்த்திருக்கிறேன். அதை நிறுத்தினால் யாருக்கு வலிக்கும் என்று தெரிந்துகொண்டு நிறுத்த வேண்டும்.

அப்புறம், "எல்லாவற்றையும்" என்ற சொல். இதை யோசிக்காமல் எழுதினால் பெரிய ஆபத்து. ஆமை, திமிங்கலச் சுறா, ஓங்கில் (டால்பின்), கடல் பாம்பு எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றை உயிரோடு கடலில் விட்டே ஆக வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2018 கடைசியிலிருந்து ஒரு திட்டம் நடக்கிறது: வலையில் சிக்கிய இப்படிப்பட்ட உயிரைக் காப்பாற்ற மீனவர் வலையை அறுத்தால், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை நஷ்டஈடு. பல மீனவர்கள் அப்படி அறுத்து விட்டிருக்கிறார்கள். வலை என்பது ஒரு குடும்பத்தின் மூலதனம், அதை அறுக்க மனசு வர வேண்டும். அந்த மனசைக் குழப்பும்படி ஒரு புது விதி வரக்கூடாது. ஐரோப்பாவிலும் பிழைக்க வாய்ப்பு அதிகம் உள்ள இனங்களுக்கு விலக்கு உண்டு. திருக்கை வகைகள் சிலவும் அதில் அடங்கும். எது பிழைக்கும், எது பிழைக்காது என்ற பட்டியலை முதலில் தயாரித்து, மராத்தியில் மட்டுமில்லாமல் படகில் வேலை செய்யும் ஆட்கள் பேசும் மற்ற மொழிகளிலும் படத்தோடு கொடுக்க வேண்டும்.

ஒதுக்கீட்டு முறை விஷயமும் இருக்கிறது. ஐரோப்பாவில் முக்கியமான மீன்கள் பலவற்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு டன்தான் என்று அளவு உண்டு. ஒரு மீனின் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால், கொட்டவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் படகைக் கட்டிப்போடும் நிலை வரும். அங்கே பெரிய தகராறு அதுதான். இந்தியாவில் அப்படிப்பட்ட ஒதுக்கீடே கிடையாது, ஒரே மடியில் பல பத்து வகை மீன் ஏறும். ஆகவே அந்தப் பகுதியை அங்கிருந்து எடுத்து ஒட்டுவது வீண் வேலை.

நம் படகுகள் எப்போது கொட்டுகின்றன என்பதைக் கவனிக்காமல் விடுவதும் தவறுதான். பல நாள் தங்கும் விசைப்படகு கிளம்பிய முதல் நாட்களில் ஏறும் கழசலைக் கொட்டிவிடும். ஐஸும் இடமும் விலையுள்ள மீனுக்கு வேண்டும். திரும்பும் கடைசி நாட்களில் ஏறுவதைத்தான் கரைக்குக் கொண்டுவரும். துறையில் நின்று எடை போடும் அதிகாரிக்கு அந்தக் கடைசி நாட்கள் மட்டுமே தெரியும். அந்த எடையை வைத்து "இவ்வளவுதான் வேண்டாத மீன்" என்று முடிவு செய்தால் கணக்கு அடியிலேயே கோணல். சிலே நாடு 2020 முதல் பெரிய தொழில்முறைக் கப்பல்களில் கேமரா கட்டாயம் என்றது. நம் மரப்படகுகள் எல்லாவற்றிலும் உடனே அது நடக்காது. ஆனால் சில படகுகளில் விருப்பத்தின் பேரில் ஆள் அனுப்பி, முதல் நாள் முதல் கடைசி நாள் வரை என்ன ஏறியது என்று எழுதி வாங்கலாம். தண்டிக்க மாட்டோம் என்ற உறுதியோடு போனால் தாண்டேல்கள் சொல்வார்கள். அபராதப் புத்தகத்தோடு போனால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? மடியின் அடிப்பையில், அதாவது மீன் போய்ச் சேரும் வால் பகுதியில். வழக்கமான சாய்சதுரக் கண்ணி (வலையின் துளை) இழுவையில் இறுகி மூடிக்கொள்ளும், குஞ்சு வெளியேற வழியே இருக்காது. சதுரக் கண்ணி இழுக்கும்போதும் திறந்தே இருக்கும். 40 மில்லிமீட்டர் சதுரக் கண்ணி வேண்டும் என்று நம் மீன்வள விஞ்ஞானிகள் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். இதிலும் ஒரு ஓட்டை உண்டு: வெளியே பெரிய கண்ணியைக் கட்டி, உள்ளே சின்னக் கண்ணி உள்பை வைத்துத் தைத்துவிடுவார்கள். மேலே பார்த்துவிட்டுப் போகும் ஆய்வுக்கு அது தெரியாது, கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும்.

கண்ணி மாற்றினால் முதல் பருவத்தில் இறால் கொஞ்சம் நழுவும், பொடி மீன் காசு குறையும். அந்த இழப்பை மீனவரின் தலையில் மட்டும் கட்டுவது, இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் செய்யக்கூடிய தவறு. மழைக்கால மீன்பிடித் தடையால் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மகாராஷ்டிரக் கரையில் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கின்றன. வலை தைப்பவர்கள் துறையிலேயே உட்கார்ந்து வேலை செய்யும் காலம் அது. புது அடிப்பையை மானியத்தில் கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டு, அங்கேயே தைத்துக் கட்டிவிட அந்த 61 நாட்களைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆகஸ்டில் படகு இறங்கும்போது புது மடியோடு இறங்கட்டும், கொட்டல் தடையின் முதல் வரியை அதற்குப் பிறகு எழுதலாம்.