கீமோ காலத்தில் உடற்பயிற்சி: இதயத்தைக் காக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

"கீமோ போயிட்டிருக்கு, பேசாம படு." அக்கறையில் வரும் பேச்சுதான். ஆனால் இதயத்தைப் பொறுத்தவரை பெரிய தவறே இதில்தான் தொடங்குகிறது.

டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்துகள் இதயத் தசையைப் பாதிக்கக்கூடியவை. உடலில் சேரும் மொத்த அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். சில வகை மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து, இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறனைக் குறைக்கலாம். இடது மார்பில் கொடுத்த கதிர்வீச்சின் விளைவு பல வருடம் கழித்துக்கூட வெளிப்படும். இதோடு வாரக்கணக்கில் படுக்கையும் சேர்ந்தால், ஒரு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். களைப்பாக இருக்கிறதே என்று மேலும் படுப்போம். உண்மையில் புற்றுநோய்க் களைப்பு மிதமான பயிற்சியில்தான் குறைகிறது.

சரி, எவ்வளவு? 2019இல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் பரிந்துரை, வாரத்தில் 3 நாள், தலா 30 நிமிடம் மிதமான வேக நடை மாதிரியான பயிற்சி. முதல் நாளே முப்பதையும் முடிக்கப் பார்ப்பது அடுத்த தவறு. ஐந்து நிமிட நடை, ஓய்வு, மறுபடி ஐந்து நிமிடம் என்று ஆரம்பித்தால் போதும். கீமோ ஏற்றிய அடுத்த சில நாட்களில் குறைத்துக்கொள்ளலாம், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை மட்டும் நம்பாதீர்கள். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுபவருக்கு நாடி அவ்வளவாக ஏறாது. ரத்தசோகை இருந்தால் சும்மாவே ஏறும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. என் கணக்கில் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் எடை தூக்குவதும் ஆபத்து. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் மிகக் குறைந்திருந்தால் விழுந்தால்கூட ரத்தக்கசிவு வரலாம். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால் முறிவு பயம். காய்ச்சல் நாளில் பயிற்சியே வேண்டாம், மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள்.

அப்புறம், "தினமும் நடக்கிறேனே, எக்கோ (இதய ஸ்கேன்) எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. இதயத்தின் திறன் அறிகுறி இல்லாமலே குறையலாம், நடை அதைக் காட்டித்தராது. எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள்.

நெஞ்சுவலி, மயக்கம், படுத்தால் மூச்சுத்திணறல், கால் வீக்கம், சில நாட்களிலேயே ஏறிய எடை இவற்றை "கீமோ அசதி" என்று தள்ளிவிடுவதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றவற்றுக்கு அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.