ரப்பர் தோட்டத்து இருட்டுக்கு என்ன லைட் வாங்குவது?

கொழும்பில் வேலை முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது. வருடம் முழுக்க ஆறு மணியையொட்டி, பிந்தினால் ஆறரைக்குச் சூரியன் போய்விடும், அந்தி வெளிச்சமும் அதிக நேரம் நிற்காது. ஆகவே வார நாளில் தலங்கமைப் பக்கத்து வயலோரப் பாதையிலோ, ஹோமாகமை தாண்டி பாதுக்கைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள்ளோ சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டால் அது இரவு ஓட்டமாகத்தான் இருக்கும். தோட்டத்துக்குள் போக முன்னர் அங்கிருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மறுப்பவர்கள் குறைவு.

என்னுடைய முதல் லைட்டின் பெட்டியில் 10000 லூமன் (லைட் தரும் வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருந்தது. தோட்டத்துக்குள் இறங்கி இருபது நிமிடத்தில் அது மங்கத் தொடங்கியது. ஓர் இறக்கத்தில் குறுக்கே போன கான் கண்ணில் பட்டபோது முன்சில்லு அதற்குள் இருந்தது. மணிக்கட்டு வீங்கி இரண்டு வாரம் சைக்கிளைத் தொடவில்லை. அதே பிழையை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்று பாருங்கள்

மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒரு விநாடிக்கு ஐந்தரை மீற்றருக்கு மேல் போகிறீர்கள். ஒன்றைக் கண்டு, அது என்னவென்று புரிந்து, பிரேக்கைப் பிடிக்கும் முன்னரே எட்டு மீற்றர் போய்விடும். அதன்பிறகு ஈர இலையும் சேறும் கிடக்கும் பாதையில் நிற்க இன்னும் அவ்வளவு தூரம் வேண்டியிருக்கலாம். ஆகவே குறைந்தது இருபது மீற்றர் தெளிவாகத் தெரிய வேண்டும். காலி வீதியில் தெருவிளக்கின் கீழ் ஓட்டப் பயன்படுகிற சின்ன லைட் இதற்குப் போதாது, அது மற்றவர்களுக்கு நம்மைக் காட்டத்தான்.

அடுத்தது, ஒன்றல்ல, இரண்டு

இதைத்தான் பொறுமையாக வாசிக்கச் சொல்வேன். ஹேண்டிலில் பூட்டிய லைட் ஹேண்டில் திரும்பும் பக்கம் மட்டுமே காட்டும். வளைவில் உங்கள் கண் முன்கூட்டியே உள்பக்கம் போய்விடும், லைட்டோ இன்னும் நேரே உள்ள மரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். ஹெல்மெட்டில் ஒன்று இருந்தால் தலை போகும் பக்கமெல்லாம் வெளிச்சம் போகும், தாழ்ந்த கிளையும் தெரியும், வழியில் சங்கிலி கழன்றாலும் இரண்டு கையும் சும்மா இருக்கும். அப்படியென்றால் ஹெல்மெட் லைட் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அது கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கல்லின் நிழலும் வேரின் நிழலும் அவற்றுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும், பாதை முழுவதும் ஒரே மட்டமாகத் தெரியும். ஹேண்டில் லைட் கீழேயிருந்து அடிக்கும்போதுதான் நிழல் நீண்டு விழும், அந்த நிழல்தான் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று சொல்லும்.

ஹேண்டிலுக்கு 800 முதல் 1200 லூமன், வெளிச்சம் அகலமாகப் பரவுவதாகப் பாருங்கள். ஹெல்மெட்டுக்கு 500 லூமன் அளவில், ஒடுங்கித் தூரம் போவது, பாரமில்லாதது. கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் நான் ஹேண்டில் லைட்டைத்தான் முதலில் வாங்குவேன். ஜெர்மனியின் வீதி விதிக்கு ஏற்பச் செய்த லைட்களும் கிடைக்கின்றன. எதிரே வருகிறவர் கண் கூசாதபடி அவற்றின் வெளிச்சம் மேலே வெட்டுப்பட்டு நிற்கும், தார் வீதிக்கு அருமை, மரங்களுக்குள் உதவாது.

பெட்டியில் உள்ள எண்ணை நீங்களே கணக்குப் பாருங்கள்

நல்ல லைட் ஒன்று ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும். 18650 எனப்படும் பற்றரி (18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம், பெயரே அதுதான்) நல்ல தரமானதென்றால் 3500 மில்லிஆம்பியர் மணி வரை கொள்ளும், 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட் மணி. இரண்டு பற்றரி போட்ட லைட்டில் 25 வாட் மணி இருக்கும். 1000 லூமனுக்கு 10 வாட் போகும், இரண்டரை மணி நேரம் எரியும். சரி, இப்போது 10000 லூமனுக்குப் போட்டுப் பாருங்கள்: 100 வாட், கால் மணி நேரம். என் முதல் லைட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருப்பேன். ஒரு 18650 பற்றரியில் 9900 என்று எழுதியிருந்தாலும் தொடாதீர்கள்.

பெட்டியில் எஃப்எல்1 (FL1) என்ற தரக்குறி இருந்தால் நல்லது, எல்லா லைட்டுக்கும் பொதுவான ஒரே முறையில் அளந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் அந்த முறையில் எரியும் நேரம் என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை, இதையும் மனதில் வையுங்கள்.

லைட் தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதை ஐபிஎக்ஸ் (IPX) எண் சொல்லும். மழைக்கு ஐபிஎக்ஸ்4 போதும் என்பார்கள். நம்முடைய மே மாத மழைக்கு நான் ஐபிஎக்ஸ்6 கேட்பேன். சார்ஜ் யூஎஸ்பி-சி. வெளிச்சத்தின் நிறம் நீலம் பாய்ந்த வெள்ளையாக இல்லாமல் கொஞ்சம் இளமஞ்சள் கலந்திருந்தால் செம்மண்ணும் வேரும் பிரிந்து தெரியும், கெல்வின் என்ற நிற அளவில் 5000உம் அதற்குக் கீழும் அந்த வகை. ஹேண்டிலின் நடுத் தடிப்பு 31.8 மில்லிமீற்றரா 35ஆ என்று அளந்துகொண்டு போங்கள், புறக்கோட்டை டாம் வீதியில் சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, சைக்கிளையே கொண்டுபோய்ப் பூட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

வாங்கிய பிறகு, வீட்டில்

நிறையச் சார்ஜ் போட்டு, மின்விசிறிக்கு முன்னால் வைத்து, முழு வெளிச்சத்தில் எரியவிட்டு நேரம் பாருங்கள். காற்றில்லாமல் வைத்தால் சூடேறித் தானாகவே மங்கும், அது பற்றரியின் குறை அல்ல. மேட்டில் மெதுவாக ஏறும்போதும் இதேதான் நடக்கும், ஆகவே ஏற்றத்தில் குறைத்துவிட்டு இறக்கத்துக்கு முன் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் இருட்டான ஒழுங்கையில், சைக்கிளில் ஏறி உட்கார்ந்தபடி, ஹேண்டில் லைட்டின் பளிச்சென்ற இடம் பத்து மீற்றரில் விழுமாறு திருப்புங்கள். ஹெல்மெட் லைட் இருபது மீற்றருக்கு. நின்றபடி திருப்பினால் ஓட்டும்போது கோணம் மாறிப்போகும்.

வெள்ளவத்தை மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் சார்ஜ் துளையின் ரப்பர் மூடியை எப்போதும் மூடியே வைத்திருங்கள், உப்புக் காற்று உள்ளே போனால் பச்சை பூத்துவிடும்.

முதல் நாள் பகலில் ஓடிப் பழகிய பாதைக்கே போங்கள், தனியாக வேண்டாம். எதிரே நடந்து வருகிறவரைக் கண்டால் தலையைக் கீழே குனிந்து வெளிச்சத்தைக் குறையுங்கள். விடிய முன் போகிறீர்களென்றால் பால் வெட்ட வருகிறவர்கள் மரங்களுக்கிடையே நிற்பார்கள், அவர்கள் கண்ணில் அடிக்கவே கூடாது. பின்னால் ஒரு சிவப்பு லைட்டும், சட்டைப் பையில் ஒரு சின்ன டோர்ச்சும் இருக்கட்டும். லைட் இரண்டும் செத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர நேர்ந்தால் கண்ணாடி விரியன் கிடக்கக்கூடிய புல்லோரமாக நடக்காமல், டோர்ச்சைக் காலடியில் அடித்துக்கொண்டு பாதையின் நடுவிலேயே வாருங்கள்.