‘போலீஸ் இடுப்பில் துப்பாக்கி’: கோயில் கொடைவிழா மேடைப் பட்டிமன்றத்துக்குத் தயார் செய்யும் முறை

“போலீசுக்குத் துப்பாக்கி தேவையா?” என்று நோட்டீஸ் அடித்துவிட்டால் பட்டிமன்றம் பத்து நிமிடத்தில் படுத்துவிடும். ஆயுதப்படையிடமும் மணிமுத்தாறு சிறப்புக் காவல் பட்டாலியனிடமும் துப்பாக்கி இருக்கத்தான் செய்கிறது. அதைப் பிடுங்கச் சொல்லி யாரும் மேடை ஏறப்போவதில்லை. வாதம் இருப்பது ஸ்டேஷன் போலீஸ் விஷயத்தில். ஆகவே தலைப்பை இப்படி வையுங்கள்: “ரோந்துக்கும் பந்தோபஸ்துக்கும் போகும் ஒவ்வொரு காவலரும் தினமும் துப்பாக்கியோடு போக வேண்டுமா?” இதில் ‘ஒவ்வொரு’, ‘தினமும்’ என்ற இரண்டு சொற்களில்தான் மொத்தச் சண்டையும் அடங்கியிருக்கிறது. நடுவர் தொடக்கத்திலேயே இரண்டையும் அழுத்திச் சொல்லிவிட வேண்டும்.

நேரக் கணக்கு: அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு 8 நிமிடம், ஆக 48. நடுவர் முன்னுரை 10, இடையிடையே ஆளுக்கு 2 வீதம் 12, தீர்ப்பு 15. கூட்டினால் 85 நிமிடம். எல்லாரும் இரண்டு நிமிடம் இழுப்பார்கள், அதற்கு 12 சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குத் தொடங்கினால் 9.37. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் எட்டரைக்குத் தொடங்கினால் தீர்ப்பு அரைகுறையாகப் போகும். சாமக்கொடைக்கு (நள்ளிரவுப் பூஜைக்கு) முன்னால் வில்லுப்பாட்டும் இருக்கிறதென்றால் அணிக்கு இரண்டு பேரோடு நிறுத்துங்கள்.

முதல் பேச்சாளர் சட்டம் பேசட்டும். அதிகம் சறுக்குகிற இடமும் இதுதான். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கிடையாது, அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. கைது பற்றியது 43-ஆம் பிரிவு. எதிர்க்கிறவனைப் பிடிக்கத் தேவையான எல்லா வழியையும் போலீஸ் கையாளலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாதவன் உயிரைக் கைதின் பேரில் எடுக்க உரிமை கிடையாது. “முழங்காலுக்குக் கீழேதான் சுடணும்னு சட்டமே சொல்லுது” என்று பேசுகிறவர்கள் கவனிக்க: இந்தப் பிரிவில் முழங்கால் என்ற சொல்லே இல்லை. தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. அது காக்கிக்கும் வேட்டிக்கும் ஒன்றுதான்.

அடுத்து, என்கவுன்டர் பற்றி உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23-இல் சொன்ன 16 நெறிமுறைகள். சுட்டதில் ஆள் இறந்தால் சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் குழுவோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும், சுட்டவர் துப்பாக்கியைச் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும், உடனடியாகப் பதக்கமோ பதவி உயர்வோ தரக்கூடாது. ‘வேண்டும்’ அணி இதைக் கடிவாளம் என்று காட்டலாம். ‘வேண்டாம்’ அணி, ஒரு குண்டுக்கு இத்தனை வேலை என்றால் இடுப்புக்கு இடுப்பு எதற்கு என்று கேட்கலாம். ஒரே சரக்கை இரண்டு கடையிலும் விற்கலாம்.

இரண்டாம் பேச்சாளருக்கு நம் பக்கத்துச் சம்பவங்கள். இங்கே தேதி தப்பினால் கூட்டத்திலிருந்தே திருத்துவார்கள். 1999 ஜூலை 23, கொக்கிரகுளம்: மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தில் தடியடி, தாமிரபரணியில் 17 உயிர். 2018 மே 22, தூத்துக்குடி: ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாவது நாள், துப்பாக்கிச் சூட்டில் 13 பேர். ‘வேண்டாம்’ அணி எப்போதும் தூத்துக்குடியைத்தான் எடுக்கும். எதிரணி கொக்கிரகுளத்தை வைத்து மடக்கும்: கம்பை வைத்தே அத்தனை உயிர் போனதே, கோளாறு கருவியிலா, உத்தரவிலா? இதற்குப் பதில் தயாரிக்காமல் மேடை ஏறாதீர்கள். தினசரி ரோந்து வேறு, கூட்டத்தைக் கலைப்பது வேறு என்று பிரித்துக் காட்டுவதுதான் நல்ல பதில்.

‘வேண்டும்’ அணிக்கு வலுவான சான்று 2020 ஜனவரி 8, களியக்காவிளை: சோதனைச் சாவடியில் நின்ற சிறப்பு எஸ்.ஐ.யைச் சுட்டுக் கொன்றார்கள். இன்னொன்று 2024 டிசம்பர் 20: நெல்லை நீதிமன்ற வளாக வாசலில் பட்டப்பகலில் ஒருவரை வெட்டிச் சாய்த்தார்கள். அதற்குப் பிறகுதான் நீதிமன்றங்களுக்குத் துப்பாக்கி ஏந்திய காவல் போட உத்தரவானது. ஆனால் ஓடியவர்களில் ஒருவனை அங்கேயே விரட்டிப் பிடித்தவர் ஒரு சிறப்பு எஸ்.ஐ. என்று எதிரணி எழுந்து சொல்லும். சொல்லட்டும், மேடை சூடாகும்.

மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்டதை (1911 ஜூன் 17) நெல்லைப் பேச்சாளர் யாரும் விடமாட்டார். சுடப்பட்டது கலெக்டர், போலீஸ் இல்லை. விட்டுவிடுங்கள். சாத்தான்குளம் காவல் மரணங்களும் அப்படித்தான். அங்கே துப்பாக்கிக்கு வேலையே இல்லை.

மேடையில் கைதட்டு வாங்குவது தூரக் கணக்கு. அமெரிக்கப் போலீஸ் பயிற்றுநர் டென்னிஸ் டூல்லர் 1983-இல் எழுதியது: கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியைக் கிட்டத்தட்ட ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான். 21 அடியை முன்கூட்டியே டேப்பால் அளந்து சாக்பீஸ் கோடு போட்டு வையுங்கள். ஒரு பையனை ஓடவிட்டு, நடுவர் செல்போனில் நேரம் பார்க்கட்டும். பொம்மைத் துப்பாக்கி, அட்டை அருவாள் எதுவும் வேண்டாம், வெறுங்கை போதும். பெரும்பாலும் நம்ம ஊர் மேடையில் 21 அடி கிடைக்காது, கீழே மணலில் செய்யலாம். “அருவாளோட வாரவன் சொல்லிட்டா வருவான்?” என்று ஒரு அணி கேட்டால், “இடுப்புல இருக்கத உருவுததுக்குள்ள வெட்டு விழுந்திருமே அண்ணாச்சி” என்று மற்ற அணி சொல்ல இந்த ஒன்றரை விநாடிதான் ஆதாரம்.

மூன்றாம் பேச்சாளருக்கு வெளிநாடு. நாலு வரி போதும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்தில் சாதாரணக் காவலர் துப்பாக்கி தூக்குவதில்லை, வடக்கு அயர்லாந்தில் தூக்குகிறார்கள். ‘பிரிட்டன் முழுக்க’ என்று சொன்னால் மாட்டுவீர்கள். நியூசிலாந்தில் துப்பாக்கி ரோந்து வண்டிக்குள் பூட்டியிருக்கும். ஆயுதம் தாங்கிய ரோந்துக் குழுக்களை 2019 அக்டோபர் முதல் ஆறு மாதம் சோதித்துப் பார்த்து 2020-இல் கைவிட்டார்கள்.

நடுவர் ‘இரண்டும் சரியே’ என்று முடித்தால் கூட்டம் ஏமாறும். வண்டியில் பூட்டி வைப்பதா, சாவடிக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டுமா, எல்லார் இடுப்பிலுமா என்று மூன்று கதவில் ஒன்றைத் திறந்தே ஆக வேண்டும்.

பந்தோபஸ்துக்கு வந்த காவலருக்கு முன்வரிசையில் நாற்காலி போடாதீர்கள். ஆறு பேரும் அவர் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். மேடைக்குப் பக்கவாட்டில் போட்டு, ஒரு சுக்குக் காப்பி கொடுத்துவிடுங்கள்.