கோல் வாங்கும் அணியில் இளம் டிஃபெண்டர்கள்: பயிற்சியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கால்பந்து அணி ஐந்தாறு ஆட்டங்களாகத் தொடர்ந்து கோல் வாங்கினால், பழி முதலில் விழுவது பின்வரிசையில், அதாவது கோலுக்கு முன்னால் தடுக்கும் நால்வரில், வயது குறைந்த வீரர் மீதுதான். கோல் விழுந்தபோது பந்துக்குப் பக்கத்தில் அவர் நின்றார்; எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அதற்குப் பத்து நொடி முன்னால் மைதானத்தின் நடுவில் நடந்ததை யாரும் கவனிப்பதில்லை. பயிற்சியாளரும் கவனிக்காமல் விடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை.

வாங்கிய ஒவ்வொரு கோலையும் பத்துப் பதினைந்து நொடி பின்னால் ஓட்டிப் பாருங்கள். பந்தை எங்கே, யார் இழந்தார்? இழந்தவுடன் பந்து வைத்திருந்த எதிரணி வீரரை யாராவது நெருக்கினார்களா? நடுவரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையில் எத்தனை மீட்டர் இருந்தது? நெருக்குபவர் யாரும் இல்லாமல் ஒருவர் தலை நிமிர்ந்து பாஸ் கொடுக்கத் தயாராக நின்றால், பின்வரிசை தன் கோலை நோக்கி இறங்க வேண்டும். அவர் முதுகு காட்டிக்கொண்டோ, நெருக்கடியிலோ இருந்தால் பின்வரிசை முன்னே ஏற வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தராமல் “லைனைப் பிடி” (இறங்காமல் ஒரே வரிசையில் நில்) என்று மட்டும் கத்தினால், அந்தப் பிள்ளை நெருக்கடியே இல்லாத பந்துக்கு எதிராகவும் மேலேயே நிற்கும். தலைக்கு மேல் ஒரு நீள பாஸ் வரும், ஸ்ட்ரைக்கர் ஓடிப்போய் அடிப்பார். பார்ப்பவர்களுக்கு டிஃபெண்டருக்கு வேகம் பத்தவில்லை என்றுதான் தோன்றும்.

பிழை செய்தவுடன் வெளியே எடுப்பது

முப்பதாவது நிமிடத்தில் ஒரு தப்புப் பாஸ், உடனே மாற்று வீரர். இதைப் பல பயிற்சியாளர்கள் கண்டிப்பு என்று நினைக்கிறார்கள். அதன் விளைவு அடுத்த ஆட்டத்தில் தெரியும். அந்த வீரர் பயத்தில் மற்ற மூவரைவிட இரண்டு மீட்டர் பின்னால் நிற்பார். ஆஃப்சைடு விதி (பாஸ் அடிக்கும் நொடியில் தாக்குபவர் மிக முன்னால் நிற்கக் கூடாது என்பது), தடுக்கும் அணியில் கடைசிக்கு முந்தைய ஆளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலும் கோல்கீப்பர்தான் கடைசி ஆள் என்பதால், பின்வரிசையில் ஒருவர் இறங்கி நின்றாலே, அவருக்கு இணையாக நிற்கும் தாக்குபவர்கள் எல்லோரும் ஆஃப்சைடில் சிக்காமல் தப்பிவிடுவார்கள். ஒருவருக்குக் கொடுத்த தண்டனை, நான்கு பேர் சேர்ந்து கட்டும் அமைப்பை உடைக்கிறது. காயம், சிவப்பு அட்டை ஆபத்து, உடல்சோர்வு இவை தவிர வேறு காரணத்துக்காக இளம் டிஃபெண்டரைப் பாதியில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

வாரத்துக்கொரு ஜோடி மாற்றுவதும் இதே வகைத் தவறு. சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவில் நிற்பவர்) இருவருக்கும், ஒருவர் பந்தை நோக்கிப் போகும்போது மற்றவர் எங்கே நிற்பார் என்பது யோசிக்காமலே தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது ஐந்தாறு ஆட்டமாவது சேர்ந்து ஆடாமல் அது வராது. அனுபவமில்லாத இருவரை நடுவில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்துவது இன்னும் மோசம். இத்தாலிய டிஃபெண்டர் பாவ்லோ மால்தினி 1985 ஜனவரியில் ஏசி மிலான் அணிக்கு முதன்முதலாக இறங்கியபோது வயது 16. அந்த அணியின் பின்வரிசையில் பாரேசி, தஸ்ஸோத்தி போன்ற அனுபவமுள்ளவர்கள் இருந்தார்கள். திறமை அவருடையதுதான். ஆனால் அது வளர்ந்த சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒண்டிக்கு ஒண்டி மட்டுமே பயிற்சி

பின்வரிசை தடுமாறினால் பத்து மீட்டர் சதுரத்தில் ஒருவருக்கு ஒருவர் ஆடவிடுவது வழக்கம். அதுவும் தேவைதான். குறிப்பாக நிற்கும் விதத்தைத் திருத்த அதுதான் இடம். விங்கர் (ஓரமாகத் தாக்கும் எதிரணி வீரர்) பந்தோடு வரும்போது இளம் வீரர்கள் முழு வேகத்தில் பாய்ந்து, இரண்டு பாதமும் நேராக, மார்பு அவருக்கு எதிரே வைத்து நிற்பார்கள். விங்கர் பந்தைப் பக்கத்தில் தள்ளினால் முழு உடலும் திரும்ப வேண்டும். அதற்குள் அவர் போய்விடுவார். கடைசி மூன்று நான்கு மீட்டரில் காலடியைச் சிறிதாக்கி வேகத்தைக் குறைக்கவும், முழங்கால் மடித்து ஒரு கால் முன்னே வைத்துப் பக்கவாட்டில் நிற்கவும், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடைவெளி விடவும் பழக்குங்கள். கண் பந்தின்மேல் இருக்கட்டும், எதிராளியின் காலாட்டத்தில் வேண்டாம். பந்து அவர் காலை விட்டு விலகும் நொடியில்தான் டேக்கிள், அதாவது பந்தைப் பறிக்கக் காலை நீட்டுவது.

ஆனால் ஆட்டத்தில் கோல் விழுவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது ஆளின் இடத்தில். ஃபுல் பேக் (பின்வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) வெளியே போனால் பக்கத்து சென்டர் பேக் ஐந்தாறு மீட்டர் பின்னால் சாய்வாக நிற்க வேண்டும். எதிர்ப்பக்க ஃபுல் பேக் உள்ளே நெருங்கி, பந்தும் தன் ஆளும் ஒரே பார்வையில் தெரியும்படி உடலைத் திறந்து நிற்க வேண்டும். அவர் பந்தை மட்டும் பார்த்து நின்றால் தூரத்துக் கோல் கம்பத்தருகே கோல் விழும். இதை நால்வரையும் சேர்த்துத்தான் கற்றுத்தர முடியும்.

பயிற்சியின் முதல் பத்து நிமிடம் எதிராளி இல்லாமல், பந்து நகர்வதற்கேற்ப நால்வரும் சேர்ந்து நகரட்டும். 1987-இல் மிலானுக்குப் பயிற்சியாளராக வந்த அரிகோ சாக்கி, பந்தே இல்லாமல் முழு அணிக்கும் இப்படிப் பயிற்சி கொடுத்தவர். பிறகு அரை மைதானத்தில் நால்வரும் கோல்கீப்பரும் ஒரு பக்கம், தாக்க ஆறு பேர் எதிர்ப்பக்கம். நான்கு நிமிட ஆட்டம், ஒரு நிமிட ஓய்வு, நான்கு சுற்று. பந்தைப் பறித்தால் நடுக்கோட்டில் வைத்த இரண்டு சிறு கோல்களில் அடிக்கலாம். இல்லாவிட்டால் பிள்ளைகள் வெறுமனே பந்தைத் தூக்கி அடிக்கப் பழகுவார்கள். ஒரு சுற்றில் இரண்டு முறைக்கு மேல் நிறுத்திப் பேசாதீர்கள்.

பின்னாலிருந்து பாஸ் ஆடச் சொல்லிவிட்டு, பந்து பறிபோனதும் திட்டுவது இன்னொரு அநியாயம். 2019 விதி மாற்றத்துக்குப் பின் கோல் கிக்கை (கோலருகிலிருந்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் உதையை) சக வீரர் பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே வாங்கலாம். ஆனால் வாங்குபவருக்குக் கோல்கீப்பர், இன்னொரு சென்டர் பேக், ஒரு மிட்ஃபீல்டர் என மூன்று வழியாவது திறந்திருக்க வேண்டும். மூன்றும் அடைபட்டால் எங்கே நீளமாக அடிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அந்த முடிவுக்குப் பொறுப்பு பயிற்சியாளருடையது என்பதை வீரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வளரும் உடலைச் சோம்பல் என்று நினைப்பது

பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 11 முதல் 13, ஆண்பிள்ளைகளுக்கு 13 முதல் 15 வயதில் உயரம் திடீரென்று கூடும். சில மாதங்களுக்குத் திரும்புவது, தாவுவது, பந்தை அடக்குவது எல்லாமே தடுமாறலாம். நேற்றுவரை நன்றாக ஆடியவர் இன்று கால் பின்னி விழுவார். மூன்று மாதத்துக்கொரு முறை உயரத்தை அளந்து எழுதுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் தாவும் பயிற்சியையும் முழுவேக ஓட்டத்தையும் குறையுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி என்று சொன்னால் “தாங்கிக்கோ” என்று சொல்லாமல் நிறுத்தி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

உயரமானவரையே சென்டர் பேக் ஆக்குவதும் இதே குறுகிய பார்வைதான். 14 வயதில் உடலால் ஜெயிப்பவர் ஆட்டத்தைப் படிக்கக் கற்காமலே போவார். 18 வயதில் மற்றவர்கள் உயரத்தில் எட்டிப்பிடித்ததும் அவரிடம் ஒன்றும் மிஞ்சாது. ஹெட்டிங்கிலும் (தலையால் பந்தை முட்டுவது) அளவு வேண்டும். இங்கிலாந்தில் 2020-இல் வந்த வழிகாட்டுதல்படி தொடக்கப்பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் ஹெட்டிங் கிடையாது.

கோட்டோரம் நின்று “ஏறு, இறங்கு, அடி” என்று தொடர்ந்து கத்தினால், அந்தப் பிள்ளை கோல்கீப்பரின் குரலைக் கேட்காது. பின்வரிசைக்குள் மூன்றே சொற்களை முடிவு செய்து கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். வீடியோவை ஆட்டம் முடிந்த கையோடு காட்டாமல் அடுத்த நாள் தனியாகக் காட்டுங்கள்: மூன்று நல்ல இடம், இரண்டு பிழை. “அப்போ உனக்கு என்ன தெரிஞ்சுது?” என்று முதலில் கேளுங்கள். எதிராளியைப் பார்க்கவே இல்லை என்றால் திருத்த வேண்டியது கழுத்தைத் திருப்பும் பழக்கம். பார்த்தும் தவறாக முடிவெடுத்தார் என்றால் வேறு பாடம்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு கோலுக்கும் நேரே பந்து இழந்த இடம், நெருக்கடி இருந்ததா இல்லையா, முதலில் அமைப்பை விட்டு விலகியவர் யார் என்று மூன்று குறிப்பு எழுதி வையுங்கள். பத்துக் கோலில் ஏழு நடுமைதான இழப்பில் தொடங்கியிருந்தால், அடுத்த வாரப் பயிற்சி மிட்ஃபீல்டர்களுக்கு.