நாய்க் கண்காட்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலோ சேலத்திலோ நாய்க் கண்காட்சி என்று அறிவிப்பு வந்துவிட்டால் போதும், ஈரோடு, திருப்பூர், கோபி, உடுமலை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் எனக்கு போட்டோக்கள் வர ஆரம்பித்துவிடும். “அண்ணா, நம்ம நாயைக் காட்டலாமுங்களா?” என்று கேட்பார்கள். ஆசையோடு கேட்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் நடுவர் நாயைப் பார்க்கும், கயிறு கட்டிய ரிங்குக்குள் வந்ததும் நாங்கள் எல்லாம் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள். தடுப்பூசி அட்டையை மறப்பது, தண்ணீர்க் கிண்ணம் எடுத்து வராதது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் அடுத்த தடவை தானாகச் சரியாகிவிடும்.

சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது?

“பேப்பர் இருக்குதுங்க” என்பார்கள். எடுத்துப் பார்த்தால் குட்டியை விற்றவர் பெயரிலேயே இருக்கும். சென்னையில் தலைமை அலுவலகம் உள்ள கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, நம் பேச்சில் கேசிஐ, கொடுக்கும் பதிவுச் சான்றிதழ் உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். அதற்கு விற்றவரின் கையெழுத்து வேண்டும். பணம் கைமாறிய பிறகு அந்தக் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். குட்டியைக் கையில் வாங்குகிற அன்றைக்கே வாங்கிவிடுங்கள். அப்புறம் மைக்ரோசிப். கால்நடை மருத்துவரிடம் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லி, நாயின் உடம்பில் உள்ள எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று போட்டிக்குக் கட்டணம் கட்டும் முன்பே சரிபாருங்கள்.

ஆண் நாயாக இருந்தால் இன்னொன்று. இரண்டு விரையும் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்பது இனத் தரவிதிகளில், அதாவது ஒவ்வொரு இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்திருப்பதில், பொதுவாக உள்ள விதி. ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நடுவர் ஒதுக்கிவிடுவார். இதை ரிங்கில் நின்றுகொண்டு தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

எடை ஏற்றுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை பேரிடம் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இதில் பாழாவது நாயின் கால்.

பெருந்துறைப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு நண்பர் லேப்ரடார் குட்டி வாங்கினார். தாயும் தகப்பனும் பதிவுள்ளவை. தலை, வால், ரோமம் எல்லாமே நன்றாக இருந்தது. அதற்குக் காலையில் பாலும் முட்டையும், மதியம் தயிர்ச்சோறு, இரவில் கடைத் தீனியோடு கறி, இது போதாதென்று தினமும் கால்சியம் டானிக். நான் போயிருந்தபோது அவர் தட்டில் போடுகிறார், குட்டி நக்கி முடிக்கிறது, மறுபடி போடுகிறார். “இத்தனை வேண்டாமுங்க” என்றேன். “காட்டுறதுக்கு எடை வேணுமில்லீங்களா? டானிக்கை மட்டும் நிறுத்தவே கூடாதுன்னு கடையில சொன்னாங்க” என்றார். ஒன்பது மாதத்தில் 40 கிலோ வந்துவிட்டது. முழுதாக வளர்ந்த ஆண் லேப்ரடாரே பெரும்பாலும் 30 முதல் 36 கிலோவுக்குள்தான் நிற்கும்.

கண்காட்சியில் நடுவர் விலாவில் கை வைத்தார். அழுத்திப் பார்த்தார், எலும்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை. ஒரு சுற்று ஓட்டச் சொன்னார், பிறகு இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். பின்னங்கால்கள் மாறி மாறி வராமல் இரண்டும் சேர்ந்தே எழும்பித் தத்தின. அதற்குப் பிறகு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், தொடை எலும்பின் பந்து இடுப்புக் குழிக்குள் சரியாக உட்காரவே இல்லை. ஹிப் டிஸ்பிளேசியா. இதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பரம்பரையில் லேசாக இருப்பதை முற்றவைப்பது வேகமான வளர்ச்சியும் அதிக எடையும்தான். நாய் இப்போது அவர் தோட்டத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் எழுந்திருக்கச் சிரமப்படுகிறது.

கால்சியம் விஷயத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். பெரிய இனக் குட்டிகளின் குடல், தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தாது. வந்தவரை உள்ளே போகும். அதனால் எலும்பு வளரும் விதமே மாறிவிடும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கும் நல்ல தீனியில் கால்சியம் ஏற்கனவே அளவாக இருக்கிறது. அதன் மேல் டானிக் ஊற்றுவது கெடுதல் மட்டுமே. வீட்டுச் சமையல் மட்டுமே கொடுக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. வெறும் கறியும் சோறும் கொடுத்தால் கால்சியம் குறைந்துபோகும். அவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு கொடுக்கட்டும். கடையில் கேட்க வேண்டாம்.

2002ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இருக்கிறது. 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. இடுப்பு மூட்டும் அவற்றுக்கு நன்றாக இருந்தது. “அரைப்பட்டினி போடறதா?” என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

பெரிதாக இருந்தால் ஜெயிக்கும் என்ற நினைப்பே தப்பு. உயரத்துக்கு மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆண் ஜெர்மன் ஷெப்பர்ட் 60 முதல் 65 சென்டிமீட்டர், ஆண் டாபர்மேன் 68 முதல் 72. அதைத் தாண்டினால் குறையாகத்தான் எழுதுவார்கள். கண்ணபுரம் சந்தைக்குக் காங்கேயம் மாடு வாங்கப் போகிற நம் ஆட்கள், மாட்டை நடக்கவிட்டுப் பார்க்காமல் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதில்லை. அதே ஆட்கள் நாய் என்று வந்தால் எடை மெஷினைத் தேடுகிறார்கள். இங்கேயும் நடைதான் முக்கியம்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஓட்டத்துக்கு என்றே அமைந்த உடம்பு அது. சிப்பிப்பாறைக்குக் கடைசி விலா எலும்புகள் கொஞ்சம் தெரியத்தான் செய்யும், வயிறு உள்வாங்கித்தான் இருக்கும். பார்க்கிறவர்கள் “சோறு போடறதில்லையா?” என்று கேட்பதற்காக ஆட்டுக் கொழுப்பு போட்டு உருட்டிவிடாதீர்கள்.

எடை சரியா என்று பார்க்க வழி இருக்கிறது. உங்கள் கையை மேசைமேல் விரித்து வைத்து, மற்ற கையின் விரல்களால் புறங்கையைத் தடவுங்கள். எலும்பு தெரியும், மேலே மெல்லிய சதையும் இருக்கும். லேப்ரடார் போன்ற நாயின் விலா அப்படித்தான் விரலுக்குப் பட வேண்டும். உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்தால் எடை அதிகம். முஷ்டி மடக்கிய மொளிபோல் துருத்தினால் குறைவு. வாரம் ஒருமுறை, ஒரே ஆள், கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்.

இதோடு சேர்ந்த இரண்டு விஷயம். ஒன்று, டைல்ஸ் தரை. வழவழப்பான தரையில் குட்டி ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் பின்னங்கால் விரிகிறது. குட்டி புழங்கும் இடத்தில் பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் தென்னை நார்ப் பாய் விரித்துவிடுங்கள், தினமும் மண்ணில் ஓடவிடுங்கள். இரண்டு, டிவிஎஸ் 50க்குப் பின்னால் கயிற்றில் கட்டி விடியற்காலையில் தார் ரோட்டில் ஓட்டுவது. பெரிய இனங்களுக்கு எலும்பின் வளர்ச்சி முனைகள் மூட ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது வரை ஆகும். அதுவரை அது வேண்டவே வேண்டாம்.

ரிங்கைப் பற்றித் தெரியாமல் வருவது

கார் ஷெட்டில் பழக்கிய நாய் புல்தரையில் இறங்கினால் மோப்பம் பிடிக்கத்தான் போகும். கண்காட்சிக்கு முன்பே நாலைந்து வெவ்வேறு மைதானங்களில் நடத்திப் பாருங்கள். பெரும்பாலும் நாய் உங்கள் இடப்பக்கம் வர வேண்டும், கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும், நடுவருக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் வரக்கூடாது. நிற்கச் சொன்னால் நான்கு கால்களிலும் எடை சமமாக விழும்படி நிறுத்த வேண்டும். வேகவைத்த கோழி ஈரலைச் சின்னத் துண்டுகளாகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல் பார்ப்பதுதான் பலருக்குச் சிக்கல். வீட்டில் நீங்கள் வாயைத் திறந்தால் சும்மா இருக்கும் நாய், முன்பின் தெரியாத ஆள் உதட்டைத் தூக்கினால் பின்வாங்கும். பால்காரர், பக்கத்து வீட்டு மாமா, மருந்துக்கடைப் பையன் என்று யார் கிடைத்தாலும் உதட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தொப்பி, குடை, கூலிங் கிளாஸ் போட்டவர்களையும் தொடவிடுங்கள். பக் போன்ற சின்ன நாய்களை மேசைமேல் வைத்துத்தான் பார்ப்பார்கள், அதையும் பழக்குங்கள்.

குடும்பத்தோடு வருவது நம் வழக்கம், வரட்டும். ஆனால் கயிற்றுக்கு வெளியே குழந்தைகள் “டைகர்! டைகர்!” என்று கத்தினால் நாயின் தலை அந்தப் பக்கமே திரும்பி நிற்கும். வெளியிலிருந்து நாயின் கவனத்தை இழுப்பது விதிப்படியும் தப்பு. தெரியாமல் செய்தாலும் நடுவர் எச்சரிப்பார். வீட்டார் நாயின் கண்ணில் படாத இடத்தில் உட்காரட்டும்.

ஹீட்டில் (இணைசேரும் பருவத்தில்) இருக்கும் பெட்டை

வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பயணம்

மே மாதம் ஊட்டிக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் நாய்க்கு டிபன் வாங்கிக் கொடுத்துவிட்டு மலை ஏறுகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அத்தனையும் வண்டிக்குள் வந்துவிடும், நாயும் சோர்ந்துவிடும். முந்தின நாள் மாலையோடு தீனியை முடித்து, மேலே போய் ஓய்வெடுத்த பிறகு கொஞ்சம் கொடுங்கள். முடிந்தால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

சமவெளியில் நடக்கும் கண்காட்சி என்றால் வெயில்தான் ஆபத்து. பக், புல்டாக், ஷிட்ஸு போன்ற தட்டை மூக்கு நாய்களால் மூச்சு வாங்கி உடம்பைச் சரியாகக் குளிர்விக்க முடியாது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு நிழலில் நிறுத்திய காரும் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். நிற்காமல் இளைப்பு, கெட்டியான எச்சில், ஈறு ரத்தச் சிவப்பாக மாறுவது, தள்ளாட்டம் இவற்றில் எது தெரிந்தாலும் போட்டியை மறந்துவிடுங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மைதானத்தில் இருக்கும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நேரத்துக்கு வராமல் இருப்பது

உங்கள் நாயின் இனத்துக்கான சுற்று முடிந்துவிட்டால் முடிந்ததுதான். பணமும் திரும்ப வராது.

தோற்றதும் கிளம்பிப் போய்விடுவது

கோபித்துக்கொண்டு நாயை வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த நாளிலேயே பயனுள்ள நேரம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. நடுவர் தன் வேலை எல்லாம் முடித்த பிறகு, ரிங்கில் அவருக்கு உதவியாக இருக்கும் ஸ்டூவர்டிடம் அனுமதி கேட்டு, “என் நாயில் என்ன குறை பார்த்தீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டால் சொல்கிறவர்கள்தான் அதிகம். கோபியிலிருந்து வந்த ஒரு தம்பி அப்படிக் கேட்டார். நடுவர் குனிந்து, அவர் கையைப் பிடித்து நாயின் தோள்பட்டைமேல் வைத்து, எலும்பு எங்கே சாய வேண்டும், அவருடைய நாய்க்கு எங்கே நேராக நிற்கிறது, அதனால் முன்கால் ஏன் எட்டிப் போடவில்லை என்று காட்டினார். இரண்டு நிமிடம்தான். அப்படிச் சொன்னதை அன்றைக்கே தேதியோடு எழுதி வையுங்கள், அடுத்த கண்காட்சியில் வேறு நடுவரிடமும் கேளுங்கள். இருவரும் ஒரே குறையைச் சொன்னால், அந்த நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தும்போது அந்தக் குறை இல்லாத ஜோடியாகத் தேட வேண்டும்.