அடிபட்டு வந்தவரிடம் எப்படிப் பேசுவது: தன்னார்வலர்களுக்கு ஒரு நாள் பயிற்சி

வீட்டில் அடி வாங்கியோ வன்முறைக்கு ஆளாகியோ வந்தவருக்கு உடனடியாகத் தரும் ஆதரவுதான் உளவியல் முதலுதவி. இது கவுன்சலிங் அல்ல, விசாரணையும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2011 கையேடு இதை மூன்று வேலையாகப் பிரிக்கிறது: பார், கேள், இணை. இதில் கேட்கப் பழக்குவதற்குத்தான் பாதி நாள் போய்விடும்.

குழுவில் இருபது பேருக்கு மேல் வேண்டாம். பயிற்றுநர் இருவர் கட்டாயம். வந்திருப்பவர்களிலேயே வீட்டில் அடி வாங்கியவர்கள் இருப்பார்கள்; நடுவில் ஒருவர் எழுந்து வெளியே போனால் கூடவே போக ஓர் ஆள் வேண்டும். ஏற்காடு போன்ற மலை ஊர்களில், வேலை வாங்கும் எஸ்டேட் மேஸ்திரியையும் லைன் வீடுகளில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கும் பெண்களையும் ஒரே குழுவில் உட்கார வைத்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வையுங்கள்.

‘பார்’ என்பதில் முதல் கேள்வி, அடித்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது. அடுத்தது காயம். கழுத்தை நெரித்ததாகச் சொன்னால், தடம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குத்தான். உள்ளே வரும் வீக்கம் பல மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கலாம்.

‘கேள்’ பகுதிக்கு மூவர் மூவராகப் பிரித்து, ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்கட்டும். ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறலாம். கதையை நீங்களே அட்டையில் எழுதிக் கொடுங்கள், சொந்த அனுபவம் வேண்டாம். கவனிப்பவர் குறிக்க வேண்டியது ஒன்றுதான்: கேட்பவர் எத்தனை முறை குறுக்கே பேசினார். “நீ என்ன செஞ்ச?”, “கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போம்மா” இரண்டும் தானாக வந்து விழும், நல்ல மனசுக்காரர்களுக்கே அதிகம். அந்த இடத்தில் “இப்ப உங்களுக்கு என்ன வேணும்?” என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வையுங்கள். நடுங்குகிறவரிடம் கதை கேட்க வேண்டாம். பாதத்தைத் தரையில் அழுத்தி, மெதுவாக மூச்சு விடச் சொன்னால் போதும். தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்ற வாக்குறுதியும் கூடாது: பாதிக்கப்பட்டது குழந்தை என்றால், பாலியல் குற்றத்தைத் தெரிவிக்காமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம்.

‘இணை’ மலையில்தான் சிரமம். சிக்னல் இல்லாத ஊர்களில் போனை நம்ப முடியாது. எண்களைச் சின்னத் தாளில் எழுதிக் கொடுங்கள்: அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநல உதவிக்கு 14416, இலவசச் சட்ட உதவிக்கு 15100. அந்தத் தாள் கணவன் கையில் சிக்கினால் ஆபத்து, ஆகவே வாங்கிக்கொள்வதா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும்.

பாலியல் வன்முறை என்றால் நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் ஜி.எச். போகும் வரை குளிக்காமல் இருந்தால் தடயம் தங்கும்; குளித்துவிட்டாலும் போகலாம், உடுத்தியிருந்த துணியைக் காகிதப் பையில் எடுத்துச் செல்லட்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். எஃப்.ஐ.ஆர். இல்லை என்று சிகிச்சையை மறுக்கக் கூடாது. தனியார் மருத்துவமனையும் இலவசமாகவே பார்க்க வேண்டும்.

தன்னார்வலர் தனியாகக் கணவனிடம் பேசப் போவதும், ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டுவதும் வேண்டாம். அன்றிரவே அடி கூடும். வாட்ஸ்அப் குழுவில் பெயர், ஊர், படம் எதுவும் போடக் கூடாது.